முத்திப்போகாத பெற்றோல்

எங்கள் சந்தியில் நின்ற ஒன்பது ஓட்டோக்களில் ஒன்று அவருடையது. மிச்ச எட்டையும் ஓட்டிய எட்டுப் பேரும் அவர் கையால் அறை வாங்கியவர்கள். தமிழன், சிங்களவன், முஸ்லிம் என்ற பாகுபாடு எல்லாம் அவர் பார்த்ததே கிடையாது. இந்த நாட்டில் எல்லோரும் சமமாக நடத்தப்படுகிற ஒரே இடம் எங்கள் ஓட்டோ பார்க்தான் என்று நாங்கள் வீங்கிய கன்னத்தோடு சொல்லிச் சிரிப்போம்.

பலாங்கொடை டவுனிலிருந்து ஏறி வருகிற ரோட்டில் ஏழாவது கிலோமீற்றரில் அந்தச் சந்தி இருக்கிறது. மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவே நாங்கள். அவர் அங்கே ஓட்டோவோடு வந்து நின்றபோது நாற்பது வயது இருக்கும். அதற்கு முன் பதினெட்டு வருஷம் தோட்டத்து மேல் டிவிஷனில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பொம்பளை ஓட்டோ ஓட்டுவதா என்று முதல் கிழமை சிரித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாவது கிழமை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தோம்.

என்னுடைய முதல் அடி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் முறை வந்தபோது மூட்டை முடிச்சுகளோடு ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். அவரை ஏற்றாமல், பின்னால் வந்த, சப்பாத்துப் போட்ட ஒருவரை ஏற்றினேன். அக்கா வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். பேசுவார் என்று தலையை வெளியே நீட்டினேன். கை வந்தது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன கை அது. என் உதடு பல்லில் குத்திக் கிழிந்து சட்டை முழுக்க இரத்தம்.

அடுத்து அவர் சொன்னது ஒரே சொல்: “ஏறுடா.” தன் வண்டியில் என்னை உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இதுதான் அவருடைய வழக்கம். அடித்தவரே கொண்டுபோவார், அடித்தவரே தையல் போட்டு முடியும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார், அடித்தவரே திருப்பிக் கொண்டுவந்து விடுவார். நாங்கள் எல்லோரும் உள்ளே போய் விழுந்துவிட்டோம் என்றுதான் சொல்வோம். எங்களில் யாரைக் கண்டாலும் அங்கே நின்ற சிங்கள அட்டெண்டன், “ஆயெத் வெட்டுணாத?” என்பான். மறுபடியும் விழுந்தாயா என்று அர்த்தம்.

அவருக்குக் கைதான் முதலில் பேசும். வாய் பிறகு வரும், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். ஏன்டா அப்படிச் செய்தாய் என்று அப்போதுதான் கேட்பார். நம் பக்கம் நியாயம் இருந்துவிட்டால் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டுவார். திரும்பி வரும்போது கடையில் நிறுத்தி ஒரு பிளேன்டீயும் மீன் வைத்த ஒரு மாலுபனிஸும் வாங்கித் தருவார். மன்னிப்பு என்ற சாமான் அவரிடம் இல்லை. எனக்குச் சில நாள் இந்த மனுஷியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆபத்து என்றால் முதலில் அவர் நம்பரைத்தான் அழுத்துவேன். எட்டுப் பேரும் அப்படித்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றாமல் போகிற பஸ் ஒன்று இருந்தது. சீசன் டிக்கெட்காரர்களை ஏற்றினால் வருமானம் இல்லை என்று டிரைவர் சந்தியில் நிறுத்தவே மாட்டான். ஒருநாள் காலையில் அக்கா தன் ஓட்டோவை ரோட்டுக்குக் குறுக்கே போட்டார். பஸ் நின்றது. மிதிபலகையில் நின்ற கண்டக்டரைக் கழுத்துப் பட்டியில் பிடித்துக் கீழே இழுத்து, காலால் ஒன்று, கையால் இரண்டு கொடுத்தார். டிரைவர் இறங்கி வந்தவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டான். பிள்ளைகள் எல்லோரும் ஏறிய பிறகு, மூக்கில் இரத்தம் வடிந்த கண்டக்டரை ஓட்டோவில் ஏற்றி பஸ்ஸுக்குப் பின்னாலேயே டவுனுக்கு ஓட்டினார். அதன் பிறகு அந்த பஸ் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

அவருடைய புருஷனைப் பற்றி அவர் பேசியதில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் பேசுவார்கள். பத்து வருஷம் அவன் குடித்துவிட்டு அடித்தான், அவர் வாங்கிக்கொண்டார். ஒருநாள் அவர் திருப்பி அடித்தார். ஒரே ஒருதரம்தான். அவன் வலது மணிக்கட்டு எலும்பு இரண்டாகப் போனது. அவர்தான் அவனைத் தோளில் தாங்கிக் கீழே ரோடுவரை நடத்திக் கொண்டுவந்தார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அவன் கையில் கட்டோடு கொழும்புக்குப் போனவன் பிறகு வரவே இல்லை. அன்றைக்குத் தன் கைக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கண்டுகொண்டவர், அதைப் பிறகு கீழே வைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அவர் கொழுந்து எடுத்த காலத்தில் நடந்த ஸ்ட்ரைக்கைப் பற்றி மட்டும் நிறையச் சொல்வார். தோட்டத்துத் துரை ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டிப் போட்டான். பெண்கள் மலையை விட்டு இறங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்ட்ரைக் என்று சொன்ன நிமிஷத்தில் கூடையில் இருக்கிற கொழுந்தையும் செடிக்கடியில் கொட்டிவிட்டு, கூடையை உதறிக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எடுத்ததைத் தராசில் நிறுத்துப் போட்டுவிட்டு இறங்கினால் அது ஸ்ட்ரைக் இல்லை, லீவு. அன்றைக்கு ஒருத்தி கொட்ட மாட்டேன் என்றாள். அக்கா அவளை அறைந்து, கூடையைப் பிடுங்கித் தானே கொட்டினார். சமாதானம் பேச வந்த கங்காணிக்கும் அதே கூடையால் விழுந்தது.

எட்டாம் நாள் துரை இறங்கி வந்தான். அக்காவுக்கு அந்த எட்டாம் நாள்தான் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாடம். கொழுந்து எடுக்காமல் விட்டால் முத்திப்போகும். முத்தினது எந்த ஃபெக்டரிக்கும் உதவாது. அதனால் நாம் பேச வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை, கையைக் கட்டிக்கொண்டு நாளை எண்ணினால் போதும் என்பார். கை கட்டாத மனுஷி இதைச் சொல்வது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று செத்த காலம் முடிந்து, எண்ணெய் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கதை. எண்ணெய் இருந்தது, வாங்கத்தான் முடியவில்லை. மாதம் முடிகிறபோதெல்லாம் காலையில் எழுந்து போனைப் பார்த்தால் விலை மாறியிருக்கும். நாங்கள் கூலியைக் கூட்டினால் லயத்து ஜனம் நடந்து போனது. கூட்டாவிட்டால் ஓடி உழைத்ததை அப்படியே டாங்கியில் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் எல்லோர் போனிலும் அந்தச் செய்தி சுற்றியது. நாடு முழுக்க ஒரு கிழமைக்கு யாரும் பெற்றோல் வாங்காதீர்கள், விலை தானாக இறங்கும் என்று. அக்காவுக்கு வாசிப்பு கொஞ்சம் தடுமாறும். என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் அவர் முகத்தில் அந்த எட்டாம் நாள் தெரிந்தது.

ஆனால் அவர் முட்டாள் இல்லை. முதலில் விசாரித்தார். டவுன் பெற்றோல் செட்டை நடத்திய முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்போம். நானும் அக்காவும் அவரிடம் போனோம். நானா நிதானமாகச் சொன்னார். நீங்கள் ஒரு கிழமை வாங்காவிட்டால், அதற்கு முந்தின நாள் நிரப்பிக்கொண்டு போவீர்கள். இல்லாவிட்டால் அடுத்த கிழமை ரெண்டு மடங்கு அடிப்பீர்கள். எனக்கு ரெண்டும் ஒன்றுதான். அதோடு விலையை வைப்பது நானும் இல்லை, இந்த டவுனும் இல்லை. கப்பல் விலை, டொலர் விலை, வரி எல்லாம் சேர்த்துக் கொழும்பில் முடிவாகிறது என்றார்.

அக்கா கேட்டார்: “தொரையும் இதத்தான் சொன்னாரு நானா. தேயில வெலைய ஏலத்துல வைக்கிறாங்க, எங்கையில ஒன்னும் இல்லேன்னாரு. எட்டாம் நாளு மட்டும் அவரு கைக்கு எப்புடி வந்துச்சு?”

தங்கச்சி, அது வேற இது வேற என்று நானா ஏதோ தொடங்கினார். அக்கா மேசையில் ஓங்கி அறைந்தார். மேசைக் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அவர் உள்ளங்கையில் இரத்தம் வந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், வழியெல்லாம் யோசித்தார். நானா சொன்னதில் ஒரு பாதி அவர் மூளைக்குள் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. சந்தியில் வந்து இறங்கியதும் அந்தப் பாதியை வெளியே எடுத்தார். முந்தின நாள் நிரப்பிக்கொண்டால் அது போராட்டம் இல்லை, லீவு. அதனால் டாங்கியில் இருப்பதையும் கொட்ட வேண்டும். ஒரு கிழமை ஓடவும் கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது ஓட்டோக்களையும் வரிசையில் நிறுத்தினோம். ஒவ்வொரு டாங்கியிலிருந்தும் குழாய் போட்டு வாளிக்கு இறக்கினோம். அக்கா ஒவ்வொரு டாங்கியிலும் குச்சி விட்டுப் பார்த்தார். ரோட்டோரத்தில் பழைய டயர்களைக் குவித்து, வாளி வாளியாக ஊற்றி, அவரே நெருப்பு வைத்தார். தீ ஆள் உயரத்துக்கு எழும்பியது. லயத்து ஜனம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. என்னோடு வரிசையில் நின்ற யோகராஜ் என்ற சாரதி, “இன்னிக்கு வெலையில எவ்ளோ அழகா எரியுது பாரு” என்று காதுக்குள் சொன்னான். அவன் பகிடிக்காரன். எங்கள் எட்டுப் பேரில் அக்காவிடம் ஆகக் குறைவாக அடி வாங்கியவன் அவன்தான்.

இப்போது நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை கடைசி ஹயரை இறக்கிவிட்டு வரும்போது, என் டாங்கியிலிருந்து இரண்டு சாராயப் போத்தல் நிறையப் பெற்றோல் இறக்கி, டவுனுக்குப் போகிற வழியில் ரப்பர் மலை ஏற்றத்தில் இருக்கிற மதகுக்கடியில், சருகு மூடி ஒளித்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் சரியான பதில் இல்லை. வீட்டில் நோயாளி இல்லை, அவசரம் இல்லை. எல்லோரும் கொட்டுகிற இடத்தில் முழுவதையும் கொட்ட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் அக்கா குச்சி விட்டுப் பார்த்தபோது என் டாங்கி சுத்தமாகக் காய்ந்திருந்தது. நல்ல மனுஷன்டா நீ என்று முதுகில் தட்டினார்.

ஐந்து நாள் சந்தி வெறுமையாகக் கிடந்தது. பஸ் தப்பிய ஜனம் ஏழு கிலோமீற்றர் நடந்தது. கீழே டவுன் மெயின் ரோட்டில் கார், லொறி, மோட்டார்சைக்கிள் எல்லாம் வழக்கம்போல ஓடின. போனில் வந்த செய்தியை அனுப்பியவர்களே வாகனத்தில் போனார்கள் போல. மூன்றாம் நாள் நான் டவுனுக்கு நடந்து போனேன். நானாவின் செட்டில் பவுசர் நின்று எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. கேட்ட நேரத்தில் கை எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாத நாட்கள் அவை. சந்தியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஹயர் போகலியா என்று சிரித்த ஒருவனை, சைக்கிளோடு சேர்த்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளியிருந்தார்.

ஐந்தாம் நாள் பின்னேரம். அக்கா, நான், இன்னும் மூன்று பேர் சந்தியில் இருந்தோம். டவுன் பஸ்ஸிலிருந்து யோகராஜ் இறங்கினான். தோளில் ஒரு அரிசிப் பை. எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்து கடந்து போகப் பார்த்தான். அவன் பக்கத்தால் போனபோது வாசம் வந்தது. முதலில் மூக்கைச் சுளித்தவன் நான்தான். “எண்ணெ வாசம் அடிக்கிதேக்கா” என்று சொன்னவனும் நான்தான். மதகுக்கடியில் இரண்டு போத்தலை வைத்துக்கொண்டு நான் அப்படிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் பக்கம் நிற்பதாகக் காட்டிக்கொள்ளும் ஆசை என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா எழும்பினார். கையில் டயர் கழற்றுகிற இரும்பு இருந்தது. காலையிலிருந்து சும்மா வைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் வெறுங்கையால்தான் அடிப்பார். அன்றைக்குக் கை எதைப் பிடித்திருக்கிறது என்று அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. யோகராஜ் திரும்பி, “அக்கா, இல்லக்கா, நாளைக்கு புள்ளைக்கு” என்று தொடங்கினான். அதற்கு மேல் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இரும்பு அவன் இடது காதுக்கு மேலே விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். பை தரையில் மோதி, உள்ளே இருந்த கேன் வாய் திறந்து, பெற்றோல் ரோட்டில் ஓடியது. யோகராஜ் முழங்காலில் நின்றான், பிறகு அந்த ஈரத்திலேயே முகங்குப்புற விழுந்தான். காதிலிருந்து இரத்தம் வந்தது. கால் இரண்டும் தானாக உதைத்துக்கொண்டன. பெற்றோலும் இரத்தமும் கலந்து கானுக்குள் இறங்குவதை நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அவன் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். மகளுக்கு மறுநாள் காலையில் டவுனில் பரீட்சை தொடங்குகிறது. சனிக்கிழமை முதல் பஸ் பிந்தித்தான் வரும், அதில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஏழு கிலோமீற்றர் இருட்டில் பெண்பிள்ளையை நடத்த முடியாது. அக்காவிடம் கேள் என்று அவள் சொன்னாளாம். கேட்டால் அடிப்பார் என்று யோகராஜ் பயந்தானாம். கேட்டிருந்தால் அக்கா தானே ஓட்டோவைத் தள்ளிக்கொண்டாவது அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிருப்பார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யோகராஜுக்கும் தெரிந்துதான் இருக்கும். பயம் வந்தால் தெரிந்தது எதுவும் உதவாது.

அக்கா இரும்பைக் கீழே போட்டார். “ஏத்துங்கடா” என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஏற்றலாம், எதில் ஓட்டுவது? ஒன்பது டாங்கியும் காய்ந்து கிடந்தன. இருந்த ஒரு கேனும் கானுக்குள் போயிருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். அது வேறொரு நோயாளியோடு இரத்தினபுரிக்குப் போயிருந்தது, திரும்பி வர நேரமாகும் என்றார்கள். எஸ்டேட் லொறி ஃபெக்டரியில் இருந்தது, அதன் டிரைவர் போனை எடுக்கவில்லை. யோகராஜை இறக்கிய பஸ்ஸும் மேலே போய்விட்டது, அந்த நேரம் பார்த்து ரோட்டில் வேறு ஒரு வாகனமும் வரவில்லை. இரண்டு போத்தல் இருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்காவின் கையைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அக்கா யோகராஜைத் தன் ஓட்டோவின் பின் சீட்டில் கிடத்தினார். அவன் தலையை மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். சந்தியிலிருந்து முதல் மூன்று கிலோமீற்றர் இறக்கம். அக்கா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை விட்டார், வண்டி தானாக உருண்டது. நாங்கள் நான்கு பேரும் பின்னால் தொங்கிக்கொண்டோம். வளைவுகளில் அவர் பிரேக் பிடிக்கவே இல்லை. இரண்டு இடத்தில் கவிழப் பார்த்தோம். இறக்கம் முடிந்த இடத்தில் ரப்பர் மலை ஏற்றம் தொடங்கியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

ஏற்றத்தின் பாதியில் மதகு. நான் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நெருங்க நெருங்க நான் வேகமாகத் தள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற மூன்று பேரும் கூட வரமுடியாத வேகத்தில் தள்ளினேன். மதகைக் கடந்தோம். கடந்து இருபது, முப்பது அடி போயிருப்போம். உள்ளே யோகராஜ் வாந்தி எடுத்தான். அவன் மனைவி, மூச்சு ஒரு மாதிரி இழுக்குது என்று கத்தினாள். தள்ளிக்கொண்டிருந்த ஒருவன் வழுக்கி விழுந்தான். வண்டி பின்னால் சறுக்கி அவன் காலில் ஏறியது. அக்கா பிரேக்கை மிதித்துக்கொண்டு, இனி எப்படி இழுப்பது என்று சுற்றிப் பார்த்தார். அவர் கண்ணில் நான் அதுவரை கண்டிராத பயம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் ஓடினேன்.

இரண்டு போத்தலையும் கொண்டுவந்து நீட்டியபோது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அடி வரவில்லை. அவர் போத்தல்களைப் பிடுங்கி டாங்கியில் ஊற்றினார். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்தது. வண்டி போய்விட்டது. நானும் மற்ற மூவரும் ஏற்றத்தில் நின்றோம். காலில் வண்டி ஏறியவனை மற்ற இருவரும் தூக்கி ரோட்டோரத்தில் உட்காரவைத்தார்கள்.

நான் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது யோகராஜைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா வழக்கமான வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர். அட்டெண்டன் பழக்கத்தில், இவனும் விழுந்தானா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். அக்கா, “நே, வெட்டுனே நே. மம தமய் கெஹுவே” என்றிருக்கிறார். இல்லை, விழவில்லை, நான்தான் அடித்தேன். பொலிஸ் ஜீப்பில் ஏறுவதற்கு முன் தன் ஓட்டோச் சாவியை என் மார்பில் எறிந்தார். மிச்ச எண்ணெயில் நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோ என்றார். கொண்டுபோனேன். எங்கள் போராட்டம் ஆறாம் நாள் காலையில் அப்படித்தான் முடிந்தது.

யோகராஜ் பிழைத்தான். மண்டையைத் திறந்து இரத்தம் எடுத்தார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு பாதிதான் வருகிறது, பகிடி வருவதே இல்லை. கட்டி நின்ற இரத்தம் மூளையை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்று டாக்டர் அவன் மனைவியிடம் சொன்னாராம். அவள் அதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மாதம் முடிந்தது. விலை இறங்கியது. அதிகமில்லை, ஆனால் இறங்கியது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். நாம் வாங்காமல் இருந்ததால்தான் இறங்கியது என்று லயம் முழுக்கப் பேச்சு. உலகத்திலேயே எண்ணெய் விலை இறங்கியிருக்கிறது, அதுதான் காரணம் என்று நானா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா இருந்திருந்தால் சந்தோஷப்படுவார் என்று சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூடவே என் போத்தல் கதையையும் சொல்லிவிடலாம் என்று ரிமாண்டில் அவரைப் பார்க்கப் போனேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மெலிந்திருந்தார். யோகராஜ் எப்படி என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். பிறகு விலை இறங்கினதைச் சொன்னேன், வெடி கொளுத்தினதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்த அஞ்சு நாளும் நானா செட்டுக்கு பவுசர் வந்துச்சா?” என்று கேட்டார்.

வந்தது, மூன்றாம் நாள் பார்த்தேன் என்றேன்.

அவர் சொன்னார்: “கொழுந்து செடியில நிக்கிது. நாம கை வைக்காட்டி முத்திப்போயிரும். அது தொரைக்குத் தெரியும். எண்ணெ தரைக்குக் கீழ கெடக்குது. அது முத்தாது. இன்னிக்கு வராட்டி நாளைக்கு இவங்க வந்துதான் ஆகணும்னு அதுக்குத் தெரியும். இங்க வந்து படுத்துக் கெடந்து யோசிச்சப்பதான் எனக்கு வெளங்குச்சு.”

அவர் கை வலையைப் பிடித்திருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, மதகில் போத்தல் இருந்தது எனக்கு ஆரம்பத்திலேயே ஞாபகம் இருந்தது அக்கா என்று சொன்னேன். அடிக்க முடியாத இடத்தில் அவர் நிற்கும்போதுதான் என்னால் அதைச் சொல்ல முடிந்தது. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பு.

“தெரியும்டா. அந்த எடத்துல நீ பேய் புடிச்சாப்புல தள்ளுன. அன்னைக்கே தெரியும்” என்றார். பிறகு, “ஏன் சொல்லல? என் அடிக்குப் பயந்தா?” என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைக்குள் சுருட்டிக்கொண்டார்.

“அப்போ அவன நான் ரெண்டு தரம் அடிச்சிருக்கேன்” என்றார்.

நேரம் முடிந்தது என்று காவலாளி சொன்னான். அவர் திரும்பி நடந்தார். இரண்டாவது அடி உங்களுடையது இல்லை அக்கா, என்னுடையது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.